முப்பதில் நிற்கும் வட்டு

மோர்டனில் அண்ணை வீட்டு நடைச் சுவரில், அறைச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டின் வெள்ளை வட்டு இன்னும் முப்பதில் நிற்கிறது. அதற்கு மேல் திருக இடமில்லை. கடைசியாகத் திருகியது அண்ணி.

அண்ணை இறந்தது ஐப்பசிக் கடைசியில். எட்டுச் சடங்கன்று அவருடைய படத்தை, அந்த வட்டுக்கு நேர் கீழே இருந்த சாமித் தட்டில் வைத்தோம். அந்தப் பலகைத் தட்டு அவர் கையால் அடித்தது. முன்பு மாலையில் சற்று நேரம்தான் அங்கே விளக்கு எரியும். இனி ஒரு வருடம், ஆட்டைத் திவசம் வரை அணையக் கூடாதென்று, அண்ணி எண்ணெய் விளக்கொன்றை ஏற்றினார்.

அதன் பிறகு வீடு குளிர்ந்தது. வட்டை எவ்வளவு கூட்டினாலும் பொயிலரின் சுடுநீர் ஓட வேண்டிய ரேடியேற்றர்கள் கல்லாகவே கிடந்தன. பொயிலர் திருத்துபவர் வந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வயர்களை நேராகத் தொடுத்தார்; பொயிலர் உடனே முழங்கியது. "பொயிலர் சுகமா இருக்கு. சுவரில இருக்கிறதுதான் பிழை" என்று புதிய தெர்மோஸ்டாட்டைப் பூட்டினார். வீடு சூடாகத் தொடங்கியது. அவர் போய்ச் சற்று நேரத்தில் அதுவும் நின்றது.

எதையும் நாள்வாரியாக அடுக்கிப் பார்ப்பது என் பழக்கம். கோலியர்ஸ் வுட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில், குளிர் வந்த வாரத்தையும் விளக்கு வந்த வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றே. விளக்கின் சூடு நேரே மேலேறி வட்டைத் தொட்டிருக்கிறது. வீடே சூடாகிவிட்டதென்று நம்பி அது பொயிலரை நிறுத்தியிருக்கிறது.

"அண்ணி, படத்தையும் விளக்கையும் முன்னறைக்கு மாத்துவம்."

"ஆட்டை முடியாமல் அவரை அசைக்க ஏலாது, தம்பி."

"அப்ப வட்டை வேற சுவருக்கு மாத்தச் சொல்லுறன்."

"சொல்லும். நான் வேண்டாமெண்டு சொன்னனானோ?" என்று சிரித்தார். "உங்கட அண்ணை உயிரோட இருக்கேக்கை என்னை இந்த வட்டில கைவைக்க விட்டவரோ? இப்பவும் விடுறாரில்லைப் பாரும்."

ஆங்கிலப் புதுவருடம் கழியட்டும், வருகிறேன் என்றார் பொயிலர் திருத்துபவர். அண்ணிக்கு அப்போதே இருமல். எங்களோடு வந்திருங்கள் என்று அழைத்தேன். "விளக்குக்கு ஆர் எண்ணெய் விடுறது?" என்றார். நடையில், உயிரில்லாத ரேடியேற்றருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, சால்வையைப் போர்த்துக்கொண்டு விளக்கைக் காத்திருந்தார். ஒரு சின்ன ஹீட்டர் வாங்கிக் கொடுத்தேன். நீண்டு திறந்த அந்த நடையில் அது காலைத்தான் சுட்டது.

பொங்கலுக்கு முன் நியூமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். ஒருமுறை ஒட்சிசன் முகமூடியை விலக்கி, "எண்ணெய் விட்டனீரோ?" என்று கேட்டார். "போய் விடுறன் அண்ணி" என்றேன். நான் போவதற்கு முன் அவர் போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்குச் சேலை எடுக்க வீட்டைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. ஊற்ற ஆளின்றி எண்ணெய் வற்றி, விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. அண்ணி முப்பதில் விட்டுப்போன வட்டின் சொல்லை வீடு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லா அறைகளிலும் ரேடியேற்றர்கள் கொதித்தன. நாற்காலியின் முதுகில் கிடந்த சால்வைகூடச் சுட்டது.

பொயிலரை அதன் சுவிட்சில் நிறுத்தினேன். சால்வை ஆறும்வரை அங்கேயே நின்றேன். வட்டைத் தொடவில்லை.