எந்த வரேன்

கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பி வந்தார்.

"சரக்கு வண்டி. ரயில்வே கேட்டுக்குக் குறுக்கே படுத்துட்டான்."

"எப்ப எந்திரிப்பான்?" என்று பின்சீட்டிலிருந்து யாரோ கேட்டார்.

"அவனையே கேட்டேன். வாயைத் திறக்கலை."

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மடியில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த கடிதம். ஆய்வகக் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் வேலைக்கு நேர்முகத் தேர்வு, காலை பத்தரைக்கு. இப்போது பத்து ஐந்து. கேட்டைத் தாண்டி இன்னும் ஏழு நிறுத்தங்கள் இருந்தன.

ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லியிருந்தாள், இடம் வந்தால் சொல்லுங்கள், இன்டர்வியூவுக்குப் போகிறேன் என்று. அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "நாலு ஸ்டாப் முன்னாடியே எழுப்பி விடறேன்" என்றார். அவள் தூங்குகிறவள் மாதிரித் தெரிந்திருக்கிறது.

மழை ஜன்னலில் விழுந்து துளித் துளியாக நின்றது. அழுக்குக் கண்ணாடி. அப்படித்தான் அவள் கண் எதையும் பார்க்கும். சுத்தமான கண்ணாடியில் துளி நிற்காது. தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்கிவிடும். எங்கே துளி நிற்கிறதோ அங்கே எண்ணெயோ சோப்போ யாருடைய விரலோ இருக்கிறது. பதினாறு வருடம் ஒரு மருந்துக் கம்பெனியில் குடுவைகளையும் சோதனைக் குழாய்களையும் கழுவியவள். குழாய் நீரில் மூன்று தடவை, காய்ச்சி வடித்த நீரில் மூன்று தடவை. பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். துளி நின்றால் முதலிலிருந்து ஆரம்பம். ஐந்து மாதம் முன்பு கம்பெனி வேறு ஊருக்குப் போனது. அவளிடம் ஒரு சான்றிதழும், அவளே கேட்டதால், வாய் உடைந்த குடுவை ஒன்றும் கொடுத்தார்கள்.

குடுவை அவள் அறையின் ஜன்னல் விளிம்பில் இருந்தது. இரண்டாம் மாடியில் பின்பக்கத்து அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். காலையில் வெயில் குடுவைக்குள் புகுந்து எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்ச வட்டமாக இறங்கும். வட்டம் காலண்டர் ஆணிக்கு வந்தால் ஏழரை. கதவுத் தாழ்ப்பாளுக்கு வந்தால் எட்டு. கடிகாரம் பார்த்து அவள் கிளம்பியதே இல்லை. இன்று மழை. வட்டம் வரவில்லை.

அறையைக் காலி செய்கிறாளா இல்லையா என்று வீட்டுக்காரம்மாவுக்கு நாளைக்குள் சொல்ல வேண்டும். வேலை கிடைத்தால் அறை. கிடைக்காவிட்டால் தம்பி வீடு.

போன் அடித்தது. தம்பிதான்.

"உள்ள கூப்பிட்டாங்களா?"

"பஸ்ஸுல இருக்கேன்டா. கேட்டுல ரயில் நிக்குது."

"நீ ஏறினா ரயில்கூட நிக்குமேக்கா."

"ரயில்ல நான் ஏறலை."

"அதுக்கே இப்படி. சரி விடு. கட்டிலைப் போட்டாச்சு. அண்ணி எப்ப வருவாங்கன்னு இவ காலையிலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கா."

கட்டில் போட்ட இடம் அவளுக்குத் தெரியும். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் நடை. அங்கே படுத்தால் வீட்டில் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் பல் தேய்க்கப் போக வேண்டும். தம்பி மனைவி நல்லவள். தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் "தூங்குங்க அண்ணி" என்பாள்.

பத்தரை ஆயிற்று. டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். மழைச் சத்தம் மட்டும் பஸ்ஸுக்குள் வந்து உட்கார்ந்தது. சரக்கு வண்டியின் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு கை அகல இடைவெளியில் அந்தப் பக்கம் தெரிந்தது. அங்கேயும் ஒரு பஸ் நின்றது, இதே நிறம். அதன் ஜன்னலில் ஒரு பெண் நெற்றியைச் சாய்த்திருந்தாள். அவள் இன்டர்வியூ முடித்துத் திரும்புகிறவளாக இருக்கலாம். கிடைத்ததா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. இவள் கையைத் தூக்கித் தலைமுடியை ஒதுக்கினாள். அந்தப் பெண்ணும் ஒதுக்கினாள், அல்லது மழை அப்படிக் காட்டியது.

பதினொன்று பத்துக்குக் கடிதத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"அம்மா, நான் இன்னிக்கு பாத்திரம் கழுவுற வேலைக்கு இன்டர்வியூ... பஸ் ரயில்வே கேட்டுல நிக்குது. ஒரு மணி நேரமாச்சு. இனிமே முடியாதுங்க. என் பேரை எடுத்துடுங்க."

"ஹலோ? ரயிலா? சரியா கேக்கலைங்க."

"ரயில்வே கேட். எடுத்துடுங்க பேரை."

"ஹலோ?"

போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சரிங்க. அப்ப நான் வரேங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்த பிறகு உடம்பு லேசானது. போக வேண்டிய இடம் எதுவும் இல்லாத பஸ் வேறு மாதிரி இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. சீட் மெத்தையாக இருந்தது. துளிகளை எண்ண ஆரம்பித்தாள். கனவில் சரக்கு வண்டியின் பெட்டிகளெல்லாம் குடுவைகளாகி, தாங்கிகளில் தலைகீழாகக் கவிழ்ந்து நின்றன. அவற்றிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. கழுவியது யார் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தாள். வரிசைக்கு முடிவே இல்லை. முடியவேண்டும் என்றும் தோன்றவில்லை.

"இன்டர்வியூ அம்மா. இறங்குங்க."

கண்டக்டர் பக்கத்தில் நின்றார். பஸ் நின்றிருந்தது. ரயில் எப்போது போனது, கேட்டை எப்போது தாண்டினார்கள், எதுவும் தெரியவில்லை.

"நாலு ஸ்டாப் முன்னாடி எழுப்பினேன். 'துளி நிக்குது'ன்னீங்க, திரும்பத் தூங்கிட்டீங்க."

இனி அங்கே வேலையில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தில் ஒரு பொறுப்பை முடித்த சந்தோஷம் இருந்தது. இறங்கிவிட்டாள்.

மணி பன்னிரண்டு பத்து. திரும்புகிற பஸ் எதிர்ப்பக்கம் வரும். அங்கே கூரை இல்லை. இந்தப் பக்கம் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் கூரை இருந்தது. மழைக்கு ஒதுங்கி அதன் கீழ் நின்றாள். கதவைத் திறந்துகொண்டு கையில் காகிதத்தோடு ஒரு பெண் வந்தாள்.

"ரயில்வே கேட் நீங்கதானே? வாங்க, வாங்க. மூணு பேரும் உங்களுக்காகத்தான் சாப்பிடப் போகாம உக்காந்திருக்காங்க."

"எனக்காகவா?"

"வரேன்னு சொன்னீங்களே."

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் ஒரு நீள மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஆண்கள், ஒரு பெண் அதிகாரி. அதிகாரிதான் பேசினார்.

"நல்லவேளை, போன் பண்ணீங்க. லேட்டானா யாரும் சொல்றதே இல்லை."

இதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் துளி நின்றது.

"மேடம், நான் வரலைன்னு சொல்லத்தான் போன் பண்ணேன்."

காகிதத்தோடு வந்த பெண் கதவருகிலேயே நின்றாள். "வரேன்னுதான் சொன்னாங்க மேடம். என் காதால கேட்டேன்."

"அது போனை வைக்கறதுக்குச் சொன்னதுங்க."

"வைக்கறதுக்குன்னா போறேன்னு சொல்லியிருக்கணும்" என்றார் ஆண்களில் ஒருவர். பசி குரலில் தெரிந்தது.

"போறேன்னு யாருங்க சொல்வாங்க?"

அவர் மற்றவரைப் பார்த்தார். மற்றவர் ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி சிரிப்பை அடக்க மூக்கைத் தடவினார்.

"சரி, வந்ததுதான் வந்தீங்க" என்று இரண்டு குடுவைகளை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒன்னு நாங்க கழுவினது. ஒன்னு கழுவாதது. எதுன்னு சொல்லுங்க."

மூலையில் குழாய் இருந்தது. இரண்டிலும் நீர் பிடித்து, கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றில் துளிகள் நெருக்கமாக நின்றன. மற்றதில் வழிந்தது. வழிந்து முடியும்போது கழுத்துக்குக் கீழே ஒரே ஒரு துளி நின்றது. அவள் காத்திருந்தாள். அது இறங்கவில்லை.

"ரெண்டும் கழுவணும் மேடம்."

"அது காலையில கழுவினது. இவர்தான் கழுவினார்." பசிக்காரரைக் காட்டினார்.

"பிரஷ் கழுத்து வளைவுக்குப் போகாதுங்க. அங்க விரல்ல துணி சுத்தித் தேய்க்கணும்."

அதிகாரி குடுவையை வாங்கித் தானே வெளிச்சத்தில் பிடித்தார். அந்தத் துளியையே வெகுநேரம் பார்த்தார். அந்தத் துளிக்குள் ஜன்னல் தலைகீழாக இருந்தது, அதற்குள் மழை, எதிர்ப்பக்கம் கூரையில்லாத நிறுத்தம். திரும்புகிற பஸ் ஒன்று வந்து நின்று, யாரையும் ஏற்றாமல் போனது.

"சொல்லி அனுப்பறோம்" என்றார் அதிகாரி.

வெளியே வரும்போது வழக்கம்போல் வாயில் வந்துவிட்டது. "வரேங்க."

காகிதப் பெண் நிமிர்ந்தாள். "இது எந்த வரேன்?"

அவள் படியில் நின்று யோசித்தாள்.

"தெரியலைங்க. நீங்கதான் சொல்லி அனுப்பணும்."

அடுத்த நாள் மழை இல்லை. வட்டம் தாழ்ப்பாளைத் தாண்டிப்போன பிறகு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. மூன்று மாதம் தற்காலிகமாக, பிறகு பார்க்கலாம், திங்கட்கிழமை எட்டரைக்கு வர வேண்டும் என்றார்கள். அவள் கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம் காலி செய்யவில்லை என்றாள். வீட்டுக்காரம்மா சரி என்று சொல்லிவிட்டு மாடிக் குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டார். ஒழுகியது. தம்பிக்குச் சொன்னாள். கட்டில் மேல் ஏற்கெனவே துவைத்த துணி குவிந்துவிட்டது என்றான். மதியம் நிறுத்தத்துக்குப் போய், கேட் வழியாகப் போகாத பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள். காலை ஆறு ஐம்பதுக்கு ஒன்று இருந்தது. சுற்றிப் போகும்.