டீச்சர் கேட்ட ஃபோட்டோ

இன்று பழவங்காடிச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பேத்தி முன்பு படித்த கோச்சிங் சென்டர் டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள்.

"பாட்டி, வெளிநாட்டு யூனிவர்சிட்டில சேர்றதுக்கான இங்கிலீஷ் பரீட்சையில மோளுக்கு நல்ல மார்க்காமே. ஒரு ஃபோட்டோ தாங்கோ, நம்ம சென்டர் போர்டுல வைக்கணும்."

எனக்கு மறதி கிடையாது. போன வருஷம் இதே டீச்சர், நீலப் புடவையில், என் முன்னாலேயே சொன்னாள்: "இந்தக் குட்டிக்கு இங்கிலீஷ் சரிப்படாது கேட்டோ. வேற ஏதாவது பாருங்கோ."

பேத்தி அழுதுகொண்டே அந்த சென்டரை விட்டு நின்றுவிட்டாள்.

அப்புறம் அவளைப் படிக்க வைத்தது நான். நானோ மூன்றாம் கிளாஸோடு நின்றவள், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அவள் தினமும் ஐம்பது வார்த்தையும் அர்த்தமும் சொல்வாள், நான் காதில் வாங்கிக்கொள்வேன். மறுநாள் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்பேன். ஒன்று மாறினாலும் விடமாட்டேன்.

"ஃபோட்டோ தரேன் டீச்சர். பக்கத்துல என் ஃபோட்டோவையும் வைக்கணும். சொல்லிக்கொடுத்தவா படம் வேண்டாமா?"

டீச்சர் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கடைசியில் சரி என்றாள்.

என்னிடம் இருப்பது ரேஷன் கார்டு ஃபோட்டோ ஒன்றுதான். அதில் முறைத்துக்கொண்டிருப்பேன்.

அதையே கொடுத்துவிடட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.