அவள் வாசித்தாள்

எந்த வாத்தியத்தைக் கொடுத்தாலும் வாசித்துப் பிழைத்தவன் நான். கல்யாணக் கச்சேரியில் டிரம் செட், பஜனைக் கோஷ்டிக்கு டோலக், பள்ளி ஆண்டு விழாவில் கையில் கிடைத்தது. ஞாயிறு காலை சித்தூரில் எங்கள் சபையின் ஆராதனையில் டிரம் செட். மற்ற நாட்களில் திருப்பதியில், அலிபிரி போகும் சாலையில் ஒரு மாடி அறையில் வகுப்பு. தாள விஷயத்தில் நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது என்றொரு பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்குக் கெடுதல் செய்தேன்.

அவள் எங்கள் சபையைச் சேர்ந்தவள். சத்தியவேட்டில் அறை எடுத்துத் தங்கி ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். விடுமுறை நாட்களில் பஸ் பிடித்து என்னிடம் கற்க வருவாள். நான் வர முடியாத ஞாயிறுகளில் சபையில் என் இடத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆசைப்பட்டாள். அதுவரை அந்த இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. போதகர் என்னிடம், "நீங்க சரின்னா சரி" என்று சொல்லிவிட்டார்.

கிறிஸ்துமஸ் பாடல்களுக்கான ஒத்திகையில் அவளை வாசிக்கவைத்தோம். மெதுவான ஒரு கீர்த்தனை. பெரிய டிரம்மின் அடி எனக்குக் கேட்டது. நடு டிரம்மும் கேட்டது. இரண்டுக்கும் இடையே காலத்தை நிரப்ப வேண்டிய ஹைஹாட், அதாவது காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு, கேட்கவில்லை. பாட்டை நிறுத்தினேன்.

"தட்டு எங்கம்மா?"

"வாசிச்சிக்கினுதான் சார் கீறேன்."

"நடுவுல காலியா இருக்குது. எனக்கே கதை சொல்றியா?"

கீபோர்டு வாசிப்பவர் சிரித்துக்கொண்டே, "தட்டுக்கு இன்னிக்கி உபவாசமா மேடம்?" என்றார். பாடகர் குழுவும் சிரித்தது. அவள் மறுபடி வாசித்தாள். மறுபடியும் எனக்குக் கேட்கவில்லை. "இவளுக்குக் காலம் நிக்கல, இப்போதைக்கு வேணாம்" என்று எல்லார் முன்னாலும் போதகரிடம் சொன்னேன். அவள் குச்சிகளை இருக்கைமேல் வைத்துவிட்டுப் போனாள். பிறகு வகுப்புக்கு வரவில்லை.

புத்தாண்டு கழிந்து சில நாட்கள்தான் ஆகியிருக்கும். வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஓடிவந்து பால் குக்கரை இறக்கினாள்.

"இன்னாங்க, விசில் இந்தக் கத்து கத்திக்கினு கீது, பக்கத்துலயே குந்திக்கினு கீறீங்களே! காது செவுடா?"

எனக்கு விசிலே கேட்டிருக்கவில்லை.

திருப்பதியில் காது பரிசோதித்தார்கள். பேச்சு கேட்கும், கனமான சத்தம் கேட்கும், மெல்லிய கூர்மையான சத்தங்கள் போய்விட்டன என்றார் டாக்டர். காலமெல்லாம் ஸ்பீக்கர்களுக்கும் சிம்பல்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்ததன் பலன். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அந்த ஒத்திகை ஞாபகம் வந்துவிட்டது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சித்தூர் பஸ்ஸில் ஏறியபோது சொல்லத்தான் நினைத்தேன். பாகாலா வருவதற்குள் மனம் மாறிவிட்டது. செவிட்டு டிரம்மரை யார் கச்சேரிக்குக் கூப்பிடுவார்கள்? யார் பிள்ளையை அனுப்புவார்கள்? டாக்டர் சொன்ன கருவியையும் வாங்கவில்லை. காதில் மாட்டினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மாணவர்களின் கையைப் பார்த்தே திருத்தினேன். அப்படிச் சில வருடங்கள் ஓட்டினேன்.

கச்சேரிகள் தாமாக நின்றபின், மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதபோதுதான் கருவி மாட்டிக்கொண்டேன். மாடி அறையில் தட்டைத் தொட்டேன். சத்தம் இருந்தது. மறுநாள் சத்தியவேட்டுக்குப் போனேன்.

நான் நடந்ததையெல்லாம் சொன்னதை அவள் அறை வாசலிலேயே நின்று கேட்டாள். அழவில்லை, உள்ளே வரச் சொல்லவுமில்லை.

"இத்த எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? நான் வாசிச்சேன்னு எனக்குத் தெரியாதா? அங்க கீறவங்களுக்குத்தான் தெரியாது. அங்க போய் சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அனுமதி கேட்டு எழுந்து சொன்னேன். அவள் சரியாகத்தான் வாசித்தாள், எனக்குத்தான் காது கேட்கவில்லை, தெரிந்தபிறகும் மறைத்தேன். வெளியே வந்ததும் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "இந்த வயசுல இப்படிச் சொல்ல எவ்ளோ தாழ்மை வேணும்!" என்றார் ஒருவர். "சாட்சி மாதிரி இருந்துச்சி சார்" என்றார் இன்னொருவர். அவளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. இதிலும் எனக்கே நல்ல பெயர்.

கீபோர்டு வாசிப்பவர் மட்டும் தள்ளி நின்றார். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தார்.

"எனக்கு அன்னிக்கே கேட்டுச்சி சார்."

"தட்டா?"

"நல்லா கேட்டுச்சி. நீங்க இல்லன்னீங்க. நீங்களே சொல்றப்போ நம்ம காதுலதான் கோளாறுன்னு நெனச்சிட்டேன்."

அங்கேயே அவளுக்குப் போன் செய்தேன். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த குரல்.

"சொல்லிட்டேம்மா."

"இன்னா சொன்னாங்க?"

"என்னைப் பாராட்டினாங்க."

"பாராட்டுவாங்க, பாராட்டுவாங்க" என்றாள்.

கீபோர்டுக்காரர் சொன்னதையும் சொன்னேன். "அவர் பக்கத்துல கீறாரா சார்? அவராண்ட குடுங்க" என்றாள்.

போனை நீட்டினேன். அவர் வாங்கத் தயங்கினார். நான் நீட்டியபடியே இருந்தேன். வாங்கிக்கொண்டு, "ஸ்தோத்திரம்மா, நாந்தான்" என்றபடி கேட் பக்கம் நடந்தார். சிறிது தூரம் போனதும் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.