பேர் எழுதாத கதவு

இங்கிலாந்தின் வடக்கே, ஷாப் என்ற மலைச் சாலையில் லாரி ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. கம்பெனி நொடித்துப்போனால் லாரியை விற்பார்கள், பேரை விற்க மாட்டார்கள். வாங்கியவன் வந்து வண்டியை எடுப்பதற்குள் முதலாளியே பிரஷைப் பிடித்து, கதவில் இருக்கும் தன் பேரைப் பூசி அழித்துவிட வேண்டும். ஜோசப் ஹேகார்த்தும் அப்படித்தான் செய்தார். ஒரு குளிர்காலக் காலையில், தலையில் தொப்பியும் கையில் பிரஷுமாக, வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே நடந்தார். சாம்பல் நிறப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடவே போனவர் அவருடைய டிரைவர் நார்மன் கேப்ஸ்டிக்.

ஹேகார்த் கம்பெனி ஒரு காலத்தில் பெரிய கை. மலைமேல் இருக்கும் குவாரியிலிருந்து கல் இறங்கினாலும் சரி, பண்ணைகளிலிருந்து கம்பளி ஏறினாலும் சரி, அந்தக் கருஞ்சிவப்பு லாரிகள்தான் வர வேண்டும். பனிக் காலத்தில் மற்றவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீக்கடையில் கையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஹேகார்த் வண்டி உறுமிக்கொண்டே மலையேறும். அப்புறம் அகலமான புதுச் சாலை மலையின் அந்தப் பக்கமாகப் போனது. குவாரிக்காரர்கள் சொந்தமாக வண்டி வாங்கினார்கள். தெற்கேயிருந்து வந்த பெரிய கம்பெனிகள் பாதி வாடகைக்கு லோடு எடுத்தன. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான், வேறென்ன சொல்ல?

கடைசியாக நின்றது நார்மன் ஓட்டிய அட்கின்சன் லாரி. அதன் கதவுக்கு முன்னால் வந்ததும் ஹேகார்த்தின் கை நின்றுவிட்டது.

"இத நீயே பூசுடா பயலே," என்று பிரஷை நீட்டினார்.

நார்மன் பூசினார். தான் ஓட்டிய வண்டியின் கதவில், தனக்குச் சோறு போட்ட மனுஷனின் பேரைத் தன் கையாலேயே அழித்தார். அந்த வேதனையில் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "ஒரு நாள் இதே கதவுல இதே பேர எழுதி, உங்க முன்னாடி கொண்டாந்து நிறுத்துவேன் மொதலாளி."

"போடா, போய்ப் பொழப்பப் பாரு," என்றார் ஹேகார்த்.

நார்மன் பிழைப்பைத்தான் பார்த்தார். யார் யாருக்கோ ஓட்டினார். எந்த வண்டியும் அவருக்கு ஒட்டவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசுகிற மாதிரி ஓடும் அட்கின்சனின் அந்தப் பழைய கார்ட்னர் இஞ்சின் எங்கே, இவை எங்கே. ஓய்வு பெற்றதும் பழைய லாரிக் கிறுக்கர்களோடு சேர்ந்துகொண்டு அட்கின்சனைத் தேடினார். எத்தனையோ ஊர் விசாரித்துக் கடைசியில் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டகையில் கண்டுபிடித்தார். கேபினுக்குள் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன.

வண்டி வீட்டு வாசலில் வந்து இறங்கிய அன்று அவர் மனைவி டோரீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஓய்வு வந்தா அவனவன் பொண்டாட்டிய ஸ்பெயினுக்குக் கூட்டிட்டுப் போறான். என் புருஷன் கோழிப் பீய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கான்."

"இஞ்சின் நல்லா இருக்கு டோரீன்."

"ஆமா, அது ஒண்ணுதான் இந்த வீட்ல நல்லா இல்லாம இருந்துச்சு."

அவள் சொன்னது சொன்னதுதான், ஷெட்டுக்கு டீ கொண்டு போவதை மட்டும் நிறுத்தவில்லை. வண்டி வந்த வாரமே இஞ்சின் எழுந்துவிட்டது. புது பேட்டரி, புது டீசல், அவ்வளவுதான் கேட்டது. நார்மன் கேபினில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். மறுநாளே பக்கத்து ஊரான கெண்டலுக்குப் போனார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில், சாலையைப் பார்த்த மாடி அறையில் ஹேகார்த் இருந்தார். தொண்ணூறை நெருங்கிவிட்டார். இரண்டு கண்ணும் போய்விட்டன.

"மொதலாளி, நம்ம அட்கின்சன் கெடச்சிருச்சு."

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இஞ்சின் அதேதானா?"

"அதே கார்ட்னர்தான். தொட்டதும் எந்திரிச்சிருச்சு."

"அப்ப ஓட்டிட்டு வாடா. இந்த ஜன்னலுக்குக் கீழ நிறுத்து. ஒரு தடவ கேட்டுக்கறேன்."

"இன்னும் பெயிண்ட் அடிக்கல மொதலாளி. கதவுல பேர் எழுதணும்."

"எனக்குத்தான் கண்ணு தெரியாதேடா மடையா. பேர் எழுதினா என்ன, எழுதாட்டி என்ன?"

"ஊருக்குத் தெரியணும்ல. குடுத்த வாக்குல்ல."

"வாக்கா, வீம்பா?" என்று ஹேகார்த் சிரித்தார். "சரி, சீக்கிரம் எழுது. நான் ஒண்ணும் புது டயர் இல்ல."

அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். அரை மணிப் பயணம். ஆனால் பழைய லாரிக்காரர்களின் உலகம் அறிந்தவர்களுக்கு நார்மனின் பயம் புரியும். அவர்கள் கூடும் இடத்தில் ஒரு வண்டி வந்து நின்றால் போதும், நரைத்த தலைகள் குனிந்து அடியில் பார்க்கும். ஒரு போல்ட் அந்தக் காலத்துப் போல்ட் இல்லையென்றால் யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், டீ குடிக்கும்போது சொல்வார்கள். ஹேகார்த்தின் வண்டியைப் பாதி வேஷத்தில் தெருவில் இறக்கி, அதை நாலு பேர் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் நார்மனால் தாங்க முடியாது. முதலாளிக்காகத்தான் என்று அவர் சொல்லிக்கொண்டார். பாதி அப்படித்தான். மீதிப் பாதி என்ன என்பதை டோரீன்தான் சொன்னாள்.

"அந்தக் கெழவருக்காகவா இதெல்லாம்? உன் கூட்டாளிங்க மெச்சணும்னு பண்ற."

கருஞ்சிவப்பு சரியாக வரவில்லை. வெயிலில் பார்த்தால் சரி, மழையில் பார்த்தால் பழுப்பு. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். கதவை ஈர உப்புத்தாளால் தேய்க்கும்போது சாம்பல் நிறப் பெயிண்டுக்கு அடியிலிருந்து பழைய பேர் மெல்ல எழுந்து வந்தது. ஹேகார்த் என்று முழுசாகப் படிக்க முடிந்தது. ஓரங்கள் மட்டும் செதில் செதிலாக உதிர்ந்திருந்தன. டோரீன் டீயோடு வந்து பார்த்து, "இப்படியே இருக்கட்டும் நார்மன். இதவிட அழகா எவன் எழுதுவான்?" என்றாள்.

நார்மனும் ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் உதிர்ந்த எழுத்தோடு எப்படிப் போவது? கண்ணில் நீர் முட்டியது, என்றாலும் தேய்த்து அழித்துவிட்டார்.

பேர் எழுத லென் வர வேண்டும். அந்தக் காலத்து எழுத்தை நிழல் வைத்துக் கையாலேயே எழுதத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் லென் ஒருவர்தான். கோடையில் அவர் வீட்டு முன்னால் ஊர்ப்பட்ட பழைய வண்டிகள் நிற்கும். குளிர்காலத்தில் பெயிண்ட் காயாது என்பார். இதற்கிடையில் முன்விளக்கு வளையம் ஒன்று கிடைக்கவில்லை. அது வந்தால் மற்றதைவிடப் பளபளவென்று இருந்தது. இப்படியே ஒரு குளிர்காலம் போய் அடுத்த குளிர்காலமும் வந்தது.

நார்மன் பார்க்கப் போகும்போதெல்லாம் ஹேகார்த் கேட்டார். கடைசித் தடவை குரல் மெலிந்துவிட்டிருந்தது.

"இன்னும் காயலியாடா?"

"வசந்தம் வந்ததும் லென் வந்துர்றேன்னு சொல்லியிருக்காரு மொதலாளி."

"நல்ல மனுஷன், லென்," என்று சொல்லிவிட்டுக் கிழவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பனி உருகத் தொடங்கிய நாளில் ஹேகார்த்தின் மகள் ஹில்டா போன் செய்தாள். "அப்பா போயிட்டாரு நார்மன். தூக்கத்துலயே."

நார்மன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவளே தொடர்ந்தாள். "உன் வண்டியிலதான் கொண்டு போகணும். செய்வியா?"

லாரி முதலாளி செத்தால் லாரியில்தான் கடைசிப் பயணம், அது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். லென்னுக்குச் செய்தி போனது. உயிரோடு இருந்தவருக்கு நேரம் ஒழியாத லென், பெட்டிக்குள் போனவருக்கு ஓடி வந்தார். ஷெட்டில் அடுப்பை மூட்டிச் சூடாக்கி, மூன்றே நாளில் இரண்டு கதவிலும் எழுதி முடித்துவிட்டார். குளிரில் காயாது என்ற பெயிண்ட் காய்ந்தது. நார்மன் அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அந்த மூலையில் எப்போதும் கிடந்த அடுப்புதான்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கெட்ட கண் ஒருவருடையது, நமஸ்காரம் இன்னொருவருடையது.

ஊர்வலத்தில் பழைய வண்டிகள் மலைச்சாலை நிறையப் பின்னால் வந்தன. ஹேகார்த்தின் பழைய ஷெட் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். அங்கே நார்மன் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அடக்கம் முடிந்து எல்லோரும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் டீயுமாக நின்றபோது, நரைத்த தலைகள் ஒவ்வொன்றாக வந்து நார்மனின் தோளைத் தட்டின.

"ஒரு குத்தம் சொல்ல முடியாதுப்பா. ஹெட்லைட் வளையங்கூட சரியா இருக்கு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடும். அது காதில் விழுந்தபோது நார்மன் கடித்த சாண்ட்விச்சைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ஹில்டா அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்குச் சந்தோஷமா இருந்திருக்கும். கடைசி மாசமெல்லாம் ஜன்னல மூட விடல. ரோட்டுல ஏதாச்சும் லாரி போச்சுன்னா, நார்மனா பாரும்மான்னு கேப்பாரு. இல்லப்பா, வேற வண்டிம்பேன். சரி, வருவான்னு சொல்லுவாரு."

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள், பாவம்.

நார்மன் வீட்டுக்குப் போகவில்லை. டோரீன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள், எங்கே என்று கேட்கவில்லை. வண்டி கெண்டலுக்குப் போய், முதியோர் இல்லத்து மாடி ஜன்னலுக்குக் கீழே நின்றது. நார்மன் இஞ்சினை நிறுத்தாமல் விட்டார். அது நிதானமாக, ஒரே சீராக ஓடியது. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். டோரீன் அவர் முதுகில் கையை வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் நர்ஸ் வாசலுக்கு வந்தாள். கதவில் இருந்த பேரைப் படித்தாள்.

"நீங்கதான் நார்மனா? வருவீங்கன்னு சொல்லிட்டே இருப்பாரு."

நார்மன் தலையை மட்டும் அசைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் அவள், தயங்கித் தயங்கி. "அந்த ரூமுக்கு வேற ஒரு அம்மா வந்துட்டாங்க. சத்தத்துல தூங்க முடியலையாம். கொஞ்சம் நிறுத்திடறீங்களா?"

"நிறுத்திடறேன்மா," என்று நார்மன் நிறுத்தினார்.