சத்தமாகச் சொன்ன மன்றாட்டு

இறைவனில் அன்பான சகோதரிகளே, சகோதரர்களே,

உங்களோடு சேர்ந்து ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நன்றிக்கு முன்னால் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. அதை விழுங்கிவிட்டு எழுதினால் இது பொய்ச்சாட்சி ஆகிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடற்கரை ஊர்க்காரி. கணவர் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் தொழில் பார்க்கிறார். போனால் கரைக்கு வர ஒரு மாதம் ஆகும். எங்களுக்கு ஒரே மகள். போன வருடம் அவள் பதினொன்றாம் வகுப்பு. அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றுதான் தொடங்கியது. சீருடை போட்டு, சடை பின்னி, வாசல்படி வரைக்கும் வந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. "அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்கு. மூச்சு முட்டுது. செத்துப்போவேன்னு பேடியா இருக்கு" என்றாள். ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, கேஸாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாளும் அதே கதை. அடுத்த வாரமும் அதே கதை. பள்ளிக்குப் போகிற நாளைவிடப் படுத்துக்கிடக்கிற நாள் கூடிக்கொண்டே வந்தது.

ஒரு மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதாம். எல்லோரும் தன்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். பஸ்ஸில் ஏறினாலே வயிறு பிரட்டுகிறதாம். பாதி நாள் பள்ளிக் கழிப்பறையில்தான் நின்றிருக்கிறாள். "ஆருகிட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியாம்மா. சத்தியம் பண்ணு" என்றாள். மீன் செதில் ஒட்டின கையாலேயே சத்தியம் செய்து கொடுத்தேன்.

அந்தச் சத்தியம் மூன்று நாள்தான் தாங்கியது. கணவர் கடலில். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. சலேத் அக்காவிடம் சொன்னேன். என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவள் தலையைத் தொட்டு ஏந்தின ஞானத்தாய் அவர். எங்கள் ஊரில் தலைதொட்டம்மா என்போம், பெற்றவளுக்கு அடுத்த இடம். எங்கள் தெரு வீடுகள் சேர்ந்த அன்பியத்துக்கும், அதாவது வாராவாரம் ஒரு வீட்டில் கூடுகிற ஜெபக்குழுவுக்கும், அவர்தான் தலைவி. "உனக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிஞ்சா போரும்க்கா. நீ வேண்டிக்க" என்றேன். "அவ எனக்க மவ இல்லியாட்டி? ஆருகிட்ட சொல்லப்போறேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரத்தில் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். என் மகள் எல்லோருக்கும் பாய் விரித்தாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து கதவோரம் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்து, வாசகம் முடிந்து, ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்லும் நேரம் வந்தது. கடலுக்குப் போனவர்களுக்காக ஒருத்தி வேண்டினாள். முட்டு வலிக்காக ஒருத்தி வேண்டினாள். பிறகு சலேத் அக்கா கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இந்த வீட்டுப் பிள்ளைக்க மனசு சரியில்ல. பள்ளிக்கூடம் போவப் பேடிச்சு கக்கூஸ்ல ஒளிஞ்சு நிக்கா. அவளைப் பிடிச்சிருக்க கெட்ட ஆவியை நீர் விரட்டணும்னு உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். சிறு வயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இல்லையா, ஒருவர் மன்றாட்டு முடித்தால் தானாகவே பதில் வந்துவிடும். என் வாயும் அவர்களோடு சேர்ந்து சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. மகளைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். இரண்டு நாளில் செய்தி பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது. பஸ் ஸ்டாப்பில் ஒரு பிள்ளை, "உனக்குப் பேய் பிடிச்சிருக்காமே, உள்ளதா?" என்று கேட்டிருக்கிறாள். அன்று பாதியில் வீட்டுக்கு வந்தவள், அதற்குமேல் படியிறங்கவில்லை. "நீயும் சேந்துதான சொன்ன" என்று ஒரே ஒரு வார்த்தை. பிறகு என்னோடு பேச்சே இல்லை.

சலேத் அக்கா வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவருக்குக் கொஞ்சமும் உறுத்தல் இல்லை. "ஜெபம் பண்ணினது ஒரு குத்தமா? நாலு பேரு சேந்து கேட்டாத்தான் ஆண்டவரு இறங்குவாரு" என்றார். "எனக்குத் தந்த வாக்கு?" என்று கேட்டேன். "ஆண்டவருக்க முன்னால என்னட்டி ரகசியம்?" என்றார். ஆண்டவருக்கு முன்னால் ரகசியம் இல்லைதான். பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஆண்டவருக்கும் வித்தியாசம் இல்லையா? அவரோடு உட்கார்ந்து எத்தனை ஜெபமாலை சொல்லியிருக்கிறேன். நம்பினவள் கழுத்தறுத்தால் எப்படி இருக்கும் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

வேகாத வெயிலில் நேரே கோவிலுக்குப் போனேன். உள்ளே ஒருவரும் இல்லை. மாதாவின் முன்னால் நின்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். காட்டிக்கொடுத்த யூதாசுக்குச் சேலை கட்டி உம் மகனின் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறீரே என்றேன். திட்டித் தீர்த்து மூச்சு வாங்கும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. சத்தியத்தை முதலில் உடைத்தது சலேத் அக்கா இல்லை. நான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "அம்மா, எனக்க பிள்ள படிக்கட்டும், படிக்காம போட்டும். என்கிட்ட ஒரு வார்த்தை பேசினா போரும்" என்று வேண்டிக்கொண்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். என் பாவசங்கீர்த்தனத்தை வெளியே சொல்ல எனக்கு உரிமை உண்டு. சாமியாருக்குத்தான் இல்லை. மகளுக்குச் செய்த சத்தியத்தை உடைத்ததையும், சலேத் அக்காவை வெறுப்பதையும் சொன்னேன். வழக்கம்போலப் பரிகாரமாக ஏதாவது ஜெபம் சொல்லச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மகளுக்கு என்னென்ன செய்கிறது என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிள்ளைக்குப் பேயும் இல்லை, கெட்ட ஆவியும் இல்லை. இது பதற்ற நோயா இருக்கும்னு தோணுது. டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். இதுக்கு நல்ல வைத்தியம் இருக்கு. முதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் இந்த வாரமே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. உங்களுக்கு அதுதான் பரிகாரம்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டாக்டரைப் பற்றிச் சொன்னதும் திரும்பினாள். "அங்கயும் எல்லாருக்கும் சொல்லுவினுமா?" என்று கேட்டாள். பதினோரு நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது. என் வேண்டுதல் கேட்கப்பட்டது என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. "எனக்குத் தெரியாது மக்களே. நாமளே போய்க் கேப்போம்" என்றேன்.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் வளரும் பிள்ளைகளுக்கென்றே மனநல டாக்டரும் ஒரு கவுன்சிலர் பெண்ணும் இருந்தார்கள். போனதும் மகள் அதே கேள்வியைத்தான் கேட்டாள். கவுன்சிலர் சொன்னார்: "நீ சொல்றது என்கிட்டயே இருக்கும். உன் உயிருக்கோ வேற யாரு உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் அம்மாகிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லுவேன். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்றார். பெற்ற என்னையே வெளியே அனுப்புகிறார்களே என்று பெஞ்சில் உட்கார்ந்து குமைந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தவளின் முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் தெளிந்திருந்தது. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

டாக்டர் பார்த்து, பதற்ற நோய்தான் என்றார். இப்போதைக்குக் கவுன்சிலிங்கே போதும், தேவைப்பட்டால் மாத்திரையைப் பற்றி யோசிக்கலாம் என்றார். வாரம் ஒருமுறை போனோம். நெஞ்சு படபடக்கும்போது ஓடி ஒளியாமல் அது ஏறி இறங்கும் வரைக்கும் நிற்கப் பழக்கினார்கள். முதலில் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்புவது. அடுத்து பள்ளி வாசல் வரைக்கும். பிறகு ஒரே ஒரு பாடவேளை. அவள் சம்மதித்ததை மட்டும் பள்ளியில் சொன்னோம். கதவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். எனக்கும் பாடம் இருந்தது: சும்மா சும்மா "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கக் கூடாது. இதுதான் எனக்குப் பெரிய பாடு. அவளும் நேர்கோட்டில் ஏறி வரவில்லை. இரண்டு வாரம் நன்றாகப் போவாள், மூன்றாவது வாரம் படியில் உட்கார்ந்துவிடுவாள். ஆண்டுத் தேர்வில் ஒரு பரீட்சையில் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். மற்றதையெல்லாம் எழுதினாள்.

சலேத் அக்காவை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தச் சாட்சி இன்னும் அழகாக இருக்கும். எழுத மாட்டேன். பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் கைகூப்புகிறார், நானும் கூப்புகிறேன். மனம் இன்னும் கூப்பவில்லை. அதற்கும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு காலை, பன்னிரண்டாம் வகுப்பின் முதல் மாதிரித் தேர்வு. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தோம். திடீரென்று என் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. "அம்மா, வருது. ஒண்ணும் சொல்லாண்டாம். பக்கத்துல நின்னா போரும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஜெபிக்கணும்னா மனசுக்குள்ள ஜெபி" என்றாள். வாயை இறுக்க மூடிக்கொண்டு மனதுக்குள் ஜெபித்தேன். என் வாழ்நாளில் அப்படி நான் ஜெபித்ததில்லை. பஸ் வந்தது. அவள் என் கையை விட்டுவிட்டு ஏறிப்போனாள்.

பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை வாசல்படியில் உட்கார்ந்துவிட்டால் நம்பிக்கையோடு வேண்டிக்கொள்ளுங்கள், ஆண்டவர் கேட்கிறார். அவர் அனுப்பிவைத்த டாக்டரிடம் தாமதிக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் துயரம் உங்கள் காதுக்கு வந்தால் அதற்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள், பெயர் மட்டும் சொல்ல வேண்டாம். ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.