பக்கக் கதவின் குமிழ்

அந்த வேனை நினைத்தால் இப்போதும் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. விருதுநகரில் எங்கள் எண்ணெய்க் கடையை மூடிவிட்டு, யாரோ ஓட்டித் தேய்த்த பழைய வேனை வாங்கி, ஆமத்தூர்ப் பெண்களைத் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிப்போய் இறக்கிக்கொண்டிருந்தேன். வண்டி பழசு என்றாலும் பவுசுக்குக் குறைவில்லை. என் சீட்டுப் பக்கம் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும், இன்னொரு தரம் அமுக்கினால் திறந்துகொள்ளும். ரோடு படுமோசம் என்பதால் பூட்டாமல் வண்டியை எடுக்க மாட்டேன்.

பக்கக் கதவு மட்டும் சண்டித்தனம் பண்ணியது. மற்றக் கதவுகள் டக்கென்று திறக்க, இது உள்ளே கர்ரென்று முனகி, யோசித்து யோசித்து, ஜன்னலடியில் இருக்கும் பூட்டுக் குமிழை மெல்ல மேலே தூக்கும். கையால் இழுத்தாலும் இறுக்கம்தான். "அண்ணாச்சி, ஒங்க கதவு வயசுக்கு வந்த பிள்ளை கணக்கா வெளிய வர யோசிக்குது" என்பாள் ஒருத்தி. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். அந்தக் கதவை ஒட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் உட்கார மாட்டாள். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் தீப்பிடித்தபோது பிழைத்தவள். கதவு முனகும் அந்த நேரத்தில் அவள் முகம் வெளிற, இரண்டு கையாலும் குமிழைப் பிடித்து இழுப்பாள். ஒரு நாள் எல்லாரும் போனபிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, இந்தக் கதவு இப்பிடியே இருந்தா நான் வேலைக்கு வர முடியாது. மூச்சு நின்னுரும்போல இருக்கு. வீட்ல அவருக்கு நடமாட்டமில்ல, வராமலும் இருக்க முடியாது. நீங்கதான் பாத்துச் செய்யணும்."

விருதுநகரில் ஒரு எலக்ட்ரீசியன், என்னோடு படித்தவன். "பேட்டரியைப் பாருலே" என்றேன். "பேட்டரி கோளாறுன்னா எல்லாக் கதவும்ல சொணங்கும்? ஒண்ணு மட்டும்னா கோளாறு இங்கனதான்" என்று கதவைத் தட்டினான். வயரைச் சோதித்தான், நன்றாக இருந்தது. பூட்டை இழுக்கும் சின்ன மோட்டாரை மாற்றினான். கொஞ்ச நாள் கதவு துள்ளியது. பிறகு அதே முனகல். மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. எனக்கு வேன்மேல் அப்படியொரு எரிச்சல். எங்காவது கண்மாயில் தள்ளிவிடலாமா என்றுகூட இருந்தது.

மறுபடி எலக்ட்ரீசியனிடமே போனேன். இந்த முறை கதவின் உள்தகட்டை முழுக்கக் கழற்றினான். "மோட்டார் நல்லாத்தான் இருக்கு. பாவம், கம்பியை இழுக்க முடியாமத் திணறுது. ஏலே, கதவுக்கு யாருலே தலைக்கு எண்ணெய் தேச்சுவிட்டது?" என்றான். குமிழிலிருந்து இறங்கும் கம்பி முழுக்கச் சாம்பல் நிறத்தில் பசை அப்பியிருந்தது. தொட்டு மோந்தேன். எண்ணெய்க் கடைக்காரன் மகனுக்குத் தெரியாதா? தேங்காயெண்ணெய், அதில் பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பொடி. அந்தப் பொடி தண்ணீருக்கு லேசில் போகாது. வேலை முடிந்ததும் பெண்கள் கையில் தேங்காயெண்ணெய் தேய்த்துத்தான் கழுவுவார்கள். ஆளாளுக்குத் தூக்குப்பையில் ஒரு சின்ன பாட்டில் இருக்கும்.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிச் சுத்தமாக்கினோம். கதவு சரியாகிவிட்டதென்று சொல்லி அவளை வரவழைத்தேன். அன்று சாயங்காலம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏறினாள், பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள், குமிழ் இறங்கும் ஓட்டையில் ஒரு சொட்டு விட்டாள். கழுவியும் போகாத பொடி விரலிடுக்கில் மினுங்கியது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, நீதானா? தெனமும் எண்ணெயை விட்டு விட்டு, அதுல பொடி சேந்து பசையா இறுகிருச்சு. நான் நாயா அலையுறேன். கதவைக் கெடுத்ததே நீதான், தெரியுமா?"

அவள் பாட்டிலை மூடினாள்.

"தீப்பிடிச்ச அன்னைக்கு எங்க ரூம்புக் கதவும் இப்பிடித்தான் இறுகிக் கெடந்துச்சு அண்ணாச்சி. கீல்ல எண்ணெய் விடணும்னு தெனமும் சொல்லிக்கிட்டே இருந்தோம். ஒருத்தரும் விடல. நான் தண்ணி குடிக்க வெளிய வந்திருந்தேன். எங்க மதினி உள்ள இருந்தா."

நான் இறங்கிப் போய், பக்கக் கதவைச் சாத்திப் பூட்டினேன். வெளியே நின்று ஜன்னல் வழியாக, "நீயே தூக்கிப் பாரும்மா" என்றேன். ஒரு விரலால் தூக்கினாள். உடனே வந்தது. அமுக்கினாள், மறுபடி தூக்கினாள். நிறுத்தாமல் அதையே செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு நேரமாகிறது என்று வண்டியில் ஒருத்தியும் சொல்லவில்லை.