நடுக்கடலில் நிறுத்திய கதை

பேசும் வாக்கையும் கேட்கும் செவியையும் படைத்து, அலை ஓயாத கரையிலே கோயில் கொண்டிருக்கும் ஈசனே, அவன் இடப்பாகம் அகலாத அம்மையே, சொல்ல வந்ததை மழுப்பாமல் சொல்லத் துணை நிற்பீராக.

கார்த்திகைத் திங்களில், சோமவாரமும் வளர்பிறைப் பிரதோஷமும் கூடிவந்த இந்த நன்னாளில் இதை எழுதுகிறேன். எளிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டப் புறப்படும் இளைஞர்களுக்காகவே எழுதுகிறேன். இனிப்பாக இராது.

பயிற்சி

கோயிலில் ஓதுவாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பாம்பனுக்கு இப்பால் ஒரு மீனவர் குடியிருப்பில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் திட்டத்தை ஓர் அறக்கட்டளை தொடங்கியபோது என்னையும் வாலண்டியராகச் சேர்த்துக்கொண்டது. வாலண்டியர் என்றால் ஆரஞ்சு நிற டீ-ஷர்ட் உண்டு. நான் வாங்கவில்லை. திருநீறு பூசிய மேனிக்கு வேறு விளம்பரம் எதற்கு?

பயிற்சி வகுப்பை மதுரையிலிருந்து வந்த கோஆர்டினேட்டர் பிரவீன் நடத்தினார். புத்தகத்தை எந்தக் கோணத்தில் பிடிப்பது, புலி வந்தால் எப்படி உறுமுவது, போட்டோ எடுக்கையில் எந்தப் பிள்ளையை அருகில் இருத்துவது என்று எல்லாம் கற்பித்தார். எதை வாசிப்பது, யாருக்கு வாசிப்பது என்பதற்கு மட்டும் நேரம் போதவில்லை. கடைசியில் தம் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்.

“கதை செம டென்ஷனா போகும்போது டக்குனு புக்கை மூடிடணும். இதுக்குப் பேரு ஹூக். அப்பத்தான் அடுத்த செஷனுக்குப் பசங்க வருவாங்க. அட்டெண்டன்ஸ் எகிறும்.”

தூண்டிலோடு பிறந்த பிள்ளைகளுக்கே தூண்டில் போட வந்த துணிச்சலை மெச்சிவிட்டு, நான் எழுந்து சொன்னேன்: “தம்பி, நாங்க புராணம் வாசிக்கிறப்ப, துன்பத்துல நிக்கிறவங்களை அப்படியே விட்டுட்டு ஏட்டைக் கட்ட மாட்டோம். நேரமானாலும் நல்ல இடம் வார வரைக்கும் வாசிச்சுட்டுத்தான் எந்திரிப்போம்.”

“அது பக்தி, ஐயா. இது லிட்ரசி” என்றார் பிரவீன். டீ-ஷர்ட்டுகள் சிரித்தன.

சனிக்கிழமை

வலை பின்னும் கூடத்தில் வாசிப்பு. அன்று வாசித்தவர் கவிதா. ராமநாதபுரத்தில் வங்கி வேலை, மணியான குரல். கதை, முத்து என்னும் மீனவரைப் பற்றியது. தனியே கடலுக்குப் போகிறார், இஞ்சின் நின்றுவிடுகிறது, காற்று எழும்புகிறது. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள் சனிக்கிழமை என்பதும், கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேருடைய தகப்பன்மார் அந்நேரம் கடலில்தான் இருந்தார்கள் என்பதும் அறக்கட்டளையாருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

பெரிய அலையொன்று படகைத் தூக்கியது. பிரவீன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கவிதா தயங்கினார், பிறகு புத்தகத்தை மூடினார்.

முன்வரிசையில் இருந்த செலின் என்ற சிறுமி கேட்டாள்: “அக்கா, அந்த ஆளு கரைக்கு வந்துட்டாகளா?”

“சஸ்பென்ஸ்!” என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினார் பிரவீன். எல்லாரையும் கைதட்டச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். வேன் கிளம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை

செலினுடைய தாய் அந்தோணியம்மா ஆளனுப்பினாள். போனேன். மற்ற விசைப்படகுகள் எல்லாம் வந்து மீன் இறக்கிக்கொண்டிருந்தன. செலினுடைய தகப்பன் சூசை போன படகு மட்டும் வரவில்லை. இலங்கைக் கடற்படையார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்ற பேச்சை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. எல்லார் முகத்திலும் அதுவே இருந்தது. செலின் மணலில் உட்கார்ந்திருந்தாள். முந்தைய நாள் மாலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

“கதையில வார ஆளு கரைக்கு வந்தாத்தான் அவ அய்யாவும் வருவாகன்னு உக்காந்திருக்கா, சாமி” என்றாள் அந்தோணியம்மா. “புள்ளைகளுக்கு நல்லது பண்ண வந்தவுக, ஒரு மனுசனை நடுக்கடல்ல போட்டுட்டு வேன் ஏறிட்டாக. நாங்க வெளையாட்டுக்குக்கூட அப்படிப் பேச மாட்டோம்.”

“நல்லபடியாக் கரைக்கு வந்துட்டாரும்மா” என்றேன் செலினிடம்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்களாச் சொல்றீக. புக்குல என்ன போட்டிருக்கு?”

வாசிப்பு இயக்கம் நடத்தும் பெரியவர்களைவிட இந்தப் பிள்ளைக்கு ஏட்டின்மேல் மதிப்பு அதிகம். பிரவீனைப் போனில் அழைத்தேன்.

“ஐயா, இப்பவே சொல்லிட்டா ஹூக் வேஸ்ட் ஆயிடுமே.”

“அந்தப் புள்ளையோட அப்பா இன்னும் கரைக்கு வரலைப்பா.”

“அச்சச்சோ. ஆனா அதுக்கும் கதைக்கும் என்ன ஐயா சம்பந்தம்?”

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர்தான் வாசிப்புக்குப் பயிற்சி கொடுக்கிறார். இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கவிதாவை அழைத்தேன். நல்லவேளையாக, புத்தகம் அவர் வீட்டில் இருந்தது. “ஸ்பீக்கர்ல போடுங்க ஐயா” என்றார், வேறொன்றும் கேட்கவில்லை.

மீன் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். முத்து தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றினார். விடியும்போது வெளிச்சவீடு தெரிந்தது. துடுப்புப் போட்டே கரைக்கு வந்து சேர்ந்தார். மனைவி சோறு எடுத்து வைத்தாள். கதை முடிந்தது.

“என்ன கொழம்பு?” என்றாள் செலின்.

“அது போடலையேம்மா” என்றது போன்.

“கடலுக்குப் போயிட்டு வந்தவுகளுக்குக் கொழம்பு இல்லாமயா சோறு போட்டாக?” என்றாள் ஒருத்தி. கூட்டம் சிரித்தது. செலின் எழுந்துபோய்ச் சாப்பிட்டாள்.

உச்சிப்பொழுது சாய்ந்தபின் சூசையின் படகும் வந்தது. இஞ்சின் மக்கர் செய்ததாம். நடந்ததைக் கேட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டார்: “ஏத்தா, எனக்கு முந்தியே வந்து சோத்துல கைய வச்சுட்டானா அவன்? ஒத்தை ஆளாக் கடலுக்குப் போனவனுக்கு ஆக்கம் கெட்ட வேகந்தான்!”

அடுத்த சனிக்கிழமை

கூடம் நிரம்பி வழிந்தது. பிள்ளைகளோடு தாய்மாரும் வந்திருந்தார்கள். “பாத்தீங்களா ஐயா, ஹூக்!” என்று பிரவீன் என் கையைக் குலுக்கினார். அறியாமையும் அட்டெண்டன்ஸும் ஒருங்கே எகிறுவதை அன்றுதான் கண்டேன்.

அன்றைய கதையில் ஓர் ஆட்டுக்குட்டி கிணற்றில் விழுந்தது. பிரவீன் கடிகாரத்தைத் தட்டினார். கவிதா அவர் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வேனின் ஹார்ன் ஒலித்தது, உடனே நின்றது. எட்டிப் பார்த்தேன். வேன் படிக்கட்டில் அந்தோணியம்மா மீன்கூடையோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“குட்டி மேல வரட்டும். அப்புறம் வண்டிய எடுங்க” என்றாள்.

ஓட்டுநர் இஞ்சினை அணைத்தார். குட்டி மேலே வந்தது.

இளையோரே, பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் புத்தகத்தைத் திறக்கிறீர்கள் என்றால், அதில் துன்பப்படுகிறவர் நலமாகும்வரை எழுந்திருக்க உங்களுக்கு உரிமையில்லை. கேட்கிற பிள்ளையின் வீட்டில் யார் இன்னும் திரும்பி வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் டீ-ஷர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதை வாசித்தவரும், வாசிக்கக் கேட்டவரும், பாதியில் எழுந்து போகாதவரும், வெளியே போன தம் வீட்டார் யாவரும் பொழுதோடு வீடு திரும்பக் கண்டு மகிழ்ந்து, குழம்போடு சோறுண்டு, ஈசன் அருளால் நீடு வாழ்க. அவசரமாக வேன் ஏறுவோரும் வாழ்க. அவர்களுக்குத்தான் இது கூடுதலாகத் தேவை.